கேமரன் மலையின் கோல்ப் மைதானம்

தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங்குக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? சாலையோரம் பாய் விரித்தாற்போல் ஒரு புல்வெளி தெரியும். ஒரு தேயிலைச் செடிகூட இல்லாத அந்தப் பச்சை என்னவென்று உங்கள் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அதுதான் கேமரன் மலையின் பழம்பெரும் கோல்ப் மைதானம்.

சிறு பந்தைக் கோலால் அடித்துத் தூரத்துக் குழியில் விழச் செய்வதே கோல்ப். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கு வெற்றி. ஸ்காட்லாந்தில் வளர்ந்த இந்த ஆட்டத்தைத் துரைமார் போன இடமெல்லாம் கொண்டு போனார்கள். கல்கத்தாவில் 1829-லும், இலங்கையின் தேயிலை மலையான நுவரெலியாவில் 1889-லும் கோல்ப் கிளப்புகள் தோன்றின.

நம் மலைக்கு அது எப்படி வந்தது? 1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டார். நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1925-ல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே, இதைக் குளிர்வாசத் தலமாக்கும் வேலை தொடங்கியது. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1930-களின் நடுவில் இங்கே விடுதிகள், பள்ளிகள், பால் பண்ணை ஆகியவற்றோடு 6 குழிகள் கொண்ட கோல்ப் மைதானமும் இருந்தது. 1937-ல் அதன் அருகே ஸ்மோக்ஹவுஸ் ஓட்டல் எழுந்தது. இன்று மைதானத்தில் 18 குழிகள்.

ஆக, துரைமாரின் புல்வெளியும் நமது கொழுந்துக் காடும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. கேமரனின் பெயர் மலைக்கே நிலைத்துவிட்டது. ரஸ்ஸலின் பெயரைப் புத்தகங்கள் சொல்கின்றன. அதே ஆண்டுகளில் காடு வெட்டி, கன்று நட்டு, கூடை சுமந்த நம் பாட்டன் பாட்டிமாரின் பெயர்களை யார் சொல்வார்கள்?

நாம்தான் சொல்ல வேண்டும். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? எந்த லயத்தில் குடியிருந்தார்கள்? பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதி வையுங்கள். கோல்ப் மைதானத்துக்கு ஒரு வரலாறு இருக்கும்போது, நம் குடும்பத்துக்கு இல்லாமலா போகும்?