சேற்றில் கிளம்பும் வாயு, ஆழ்கடலிலும் கிளம்புகிறது



நடவு வயலில் இறங்கி நடந்தால் காலடியில் குமிழி குமிழியாக வாயு கிளம்புவதைப் பார்த்திருப்பீங்க. அதில் பெரும்பங்கு மீதேன். காற்றுப் புகாத சேற்றில் தழை மக்கும்போது நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. சாண எரிவாயுக் கலனிலிருந்து அடுப்புக்கு வருவதும் இதேதான்.

இந்த வாயு ஆழ்கடல் தரையிலும் கசிகிறது. ஆறுகள் கொண்டுவரும் வண்டலும், செத்து விழும் கடலுயிர்களும் அடுக்கடுக்காகப் புதைந்து, அங்கேயும் மீதேன் உண்டாகிறது. குளிரும் தண்ணீரின் பாரமும் சேர்ந்தால் அது பனிக்கட்டி போல உறைந்துவிடும். விரிசல் கிடைத்த இடத்தில் வாயு மேலே கசியும். 1984-ல் மெக்சிகோ வளைகுடாவில் 3,000 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், இப்படி ஒரு குளிர்ந்த கசிவிடத்தைச் சுற்றி உயிர்க்கூட்டம் இருப்பதைக் கண்டார்கள். நம் வங்கக்கடலில், கிருஷ்ணா-கோதாவரி முகத்துவாரங்களுக்கு அப்பால், தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் 'சிந்து சாதனா' கப்பலில் போய், 2018-ல் சுமார் 1,750 மீட்டர் ஆழத்தில் ஒரு கசிவிடத்தைக் கண்டறிந்தார்கள்.

வெயில் எட்டாத இருட்டில் எதைத் தின்று உயிர் வாழுது? சேற்றிலுள்ள இருவகை நுண்ணுயிர்கள் கூட்டுச் சேர்ந்து, கடல்நீரிலுள்ள சல்பேட்டின் துணையோடு மீதேனைத் தின்கின்றன. அப்போது கூமுட்டை நாற்றமடிக்கும் வாயு வெளிவருகிறது. அதைக்கொண்டு வேறு பாக்டீரியாக்கள் உணவு தயாரிக்கின்றன. இவை சிப்பிகள், குழாய்ப் புழுக்களின் உடம்புக்குள்ளேயே குடியிருக்கின்றன. உளுந்து, கடலையின் வேர்முடிச்சில் பாக்டீரியா இருந்து பயிருக்குத் தழைச்சத்து கொடுக்குதே, அந்த மாதிரிதான். வளர்ந்த குழாய்ப் புழுவுக்கு வாயுமில்லை, குடலுமில்லை!

பயிர் மஞ்சளித்தால் மண்ணையும் பார்க்கணும், தண்ணீரையும் பார்க்கணும், வேரையும் பூச்சியையும் பார்க்கணும். அதுபோல இந்த ஆராய்ச்சியில் நிலவியலார், வேதியியலார், நுண்ணுயிரியலார், கடலுயிர் ஆய்வாளர் எல்லாரும் ஒரே கப்பலில் போகிறார்கள். விரிசல் எங்கே என்று ஒருவர் சொன்னால்தான், எதைத் தின்கிறது என்று இன்னொருவர் சொல்ல முடியும்.

இதில் நமக்கென்ன? மீதேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். கடல் சேற்றில் மேலே வரும் மீதேனில் பெரும்பகுதியை இந்த நுண்ணுயிர்களே தின்று தீர்த்துவிடுகின்றன. அந்தக் காவல் கெட்டால் நட்டம் எல்லோருக்கும்தான். உறைந்த மீதேனை எரிபொருளாக எடுக்கலாமா என்றும் ஆராய்கிறார்கள். ஆனால் மெக்சிகோ வளைகுடாவின் குழாய்ப் புழுக்களில் சில 200 ஆண்டுக்கு மேல் வாழ்பவை. அழித்துவிட்டால் நம் ஆயுளில் திரும்பி வராது.

கடலடிச் சேறு நம் கையில் இல்லை. வயல் சேறு நம் கையில் இருக்கிறது. எப்போதும் தண்ணீர் கட்டாமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் தண்ணீர் நிற்கட்டும். மண்ணுக்குள் காற்றுப் போவதால் மீதேன் குறையும். பாசன நீரும் மிச்சமாகும்.