ஈயடிச்சான் காப்பியா, வழிநூலா?

ஓர் எழுத்தாளரை மட்டம் தட்ட ஒரே சொல் போதும்: காப்பி. அதிலும் கடைசிப் படி 'ஈயடிச்சான் காப்பி'. மூலத்தாளில் ஓர் ஈ நசுங்கிக் கிடந்ததாம். நகலெடுத்த குமாஸ்தா தானும் ஓர் ஈயை அடித்து அதே இடத்தில் ஒட்டினாராம். திருவனந்தபுரத்தில் மலையாளிகளும் 'ஈச்சக்கோப்பி' என்று சொல்லிச் சிரிப்பதுண்டு.

ஆனால் கதையை வாங்கி எழுதியவர்கள் எல்லோரும் இந்த வசைக்கு உரியவர்களா? அதே நகரில் பிறந்த ஒரு நூல் இதற்குப் பதில் சொல்கிறது. மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897), 1891-ல் 'மனோன்மணீயம்' என்ற கவிதை நாடகத்தை வெளியிட்டார். கதைக்கரு அவருடையதல்ல. லிட்டன் பிரபுவின் 'ரகசிய வழி' என்ற ஆங்கிலக் கதைக் கவிதையே மூலம். பிள்ளை அதை ஒளிக்கவில்லை.

கனவில் கண்டு காதலிக்கும் ஜோடியும் சுரங்க வழியும் லிட்டன் தந்தவை. ஆனால் சித்திய அரசன் இங்கே பாண்டியன் ஜீவகன்; காதலன் சேரன் புருஷோத்தமன்; சண்டை நாஞ்சில் நாட்டுக்காக. நூலின் முகப்பில் வரும் தமிழ்த் தெய்வ வணக்கம் லிட்டனிடம் அறவே இல்லாதது. அதன் ஒரு பகுதியைத்தான் 1970-ல் தமிழக அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021-ல் அது மாநிலப் பாடலானது.

பழைய இலக்கணக்காரர்களிடம் இதற்கு ஒரு சொல் இருந்தது: வழிநூல். தொகுத்தல், விரித்தல், இரண்டும் சேர்ந்த தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று அதை நான்காகப் பிரிக்கிறது தொல்காப்பியம். முதல்நூலோடு ஒத்துப்போய், பின்னவன் விரும்பும் வேறுபாடுகளையும் சேர்ப்பது வழிநூல் என்கிறது நன்னூல். அது வசை அல்ல, வகை.

லிட்டனும் இதை வெறுங்கையிலிருந்து படைக்கவில்லை. அலெக்சாண்டரின் அவையில் இருந்த காரிஸ் சொன்னதாகக் கிரேக்க நூல் ஒன்று பதிந்துவைத்த காதல் கதை அது. அப்படிப் பார்த்தால் மூலமே ஒரு வழிநூல்தான்.

எனவே கேட்க வேண்டியது கதை எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமல்ல. வந்த இடத்தைச் சொன்னாரா, தன் பங்காக என்ன கூட்டினார் என்பதையும்தான். இரண்டும் இல்லாதவருக்கே அந்த ஈ.