மலையடிவாரத்துக் கைவேலை

செங்கத்திலிருந்து சிங்காரப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் வலக்கைப்புறமாக நெடுந்தூரம் உடன்வரும் ஜவ்வாது மலைத்தொடரை, சந்தனத்துக்கும் தேனுக்கும் சாமைக்கும் பெயர்போன மலை என்றும், காவலூரில் வானசாஸ்திரிகள் பெரிய தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கும் மலை என்றும் தமிழ்நாட்டார் பொதுவாக அறிவர். கலையும் கைத்தொழிலும் ஓர் ஊரின் க்ஷேமத்துக்கு எவ்வளவு தூரம் துணைசெய்யக் கூடும் என்று விசாரிக்க விரும்புவோருக்கு இம்மலையின் அடிவாரத்தைவிடத் தகுந்த இடம் கிடைப்பது அரிது என்பதை அறிந்தவர்களோ சிலரே. நகரங்களில் இப்போது சுவர்ச் சித்திரம் தீட்டுவதும், பாலத்தின் தூண்களுக்கு வர்ணம் பூசுவதும், அதற்குத் திறப்புவிழா நடத்துவதும் வழக்கமாகிவிட்ட காலம். ஆதலால் இந்த விசாரணையை நகரத்தில் தொடங்குவதைக் காட்டிலும் மலையில் தொடங்கி நகரத்துக்கு இறங்குவதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பிரதேசத்துக்கும் கலைஞருக்கும் உள்ள சம்பந்தம் நேற்று உண்டானதன்று. பத்துப்பாட்டில் இறுதியாக நிற்கும் மலைபடுகடாம், 583 அடிகளில், வறுமையுற்ற கூத்தரைச் செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் வழிப்படுத்துகிறது. அந்தச் செங்கண்மாவே இன்றைய செங்கம். முழவும் யாழும் குழலும் தூம்பும் பையிலிட்டுச் சுமந்துகொண்டு, பெண்டிரும் பிள்ளைகளும் உடன்வர, மலைச்சாரல் வழியே நடந்து செல்லும் அந்தக் கூட்டத்துக்கு, வழியில் எந்த ஊரார் எதைச் சமைத்துக் கொடுப்பார்கள், எந்த இடத்தில் பாறை வழுக்கும், எந்த இடத்தில் வீரர்களுக்கு நட்ட கற்கள் நிற்கும் என்றெல்லாம் அப்பாட்டு சொல்லிக்கொண்டே போகிறது. கலைஞனை ஊர் தாங்கிற்று. கலைஞன் ஊருக்கு என்ன திருப்பிக் கொடுத்தான் என்று கேட்பவர்கள் அந்த நடுகற்களிடத்தேதான் விடையைத் தேடவேண்டும்.

செங்கம் வட்டாரத்து நடுகற்களுள் எடுத்தனூர்க் கல் ஒன்று. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனது முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருந்தேவக்கத்தி என்னும் இளைஞன் தன் எருமைகளைக் காக்கும் பொருட்டுக் கள்வரோடு பொருது மாண்டான். அவன் நினைவாக நட்ட அந்தக் கல்லில் அவன் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவத்தையும் செதுக்கி, கோவிவன் என்னும் அந்நாய் இரண்டு கள்வரைக் கடித்து எசமானனைக் காத்து நின்ற செய்தியையும் வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அரசனுக்குக் கோயில் குடைந்து தந்த சிற்பிகளின் நயம் இந்தக் கல்லில் கிடையாது. கையும் காலும் கோடுகளாகவே நிற்கின்றன. ஆயினும் எருமை மேய்த்த ஒருவனுடைய பெயரையும், அவனுடைய நாயின் பெயரையுங்கூட, ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அழியவிடாமல் வைத்திருப்பது அக்கல்தான். ஊராருக்காக ஊரார் செய்துகொண்ட கலை என்று சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 

அந்தப் பழம்பெருமையைச் சொல்லிக்கொண்டு இருந்துவிடலாம் என்றால், இன்றைய நிலைமை அதற்கு இடங்கொடுப்பதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து முன்னொரு காலத்தில் மலையேறி வந்தவர்கள் என்று தங்கள் பூர்வத்தைக் கூறிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர் இங்கே மிகுதி. மானாவாரி விவசாயமும், புளியும் தேனும் கடுக்காயும் சேகரித்து விற்பதுமே அவர்களுடைய ஜீவனோபாயம். அது ஆண்டு முழுவதற்கும் போதாதபோது, ஆண்கள் வெளி மாநிலங்களில் கட்டட வேலைக்கும் காப்பித் தோட்டங்களுக்கும், பெண்கள் திருப்பூர், கோயம்புத்தூர் ஆலைகளுக்குமாகக் கலைந்துபோகிறார்கள். இன்னும் சிலர் எங்கே போனார்கள் என்பதை, 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி, ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்டு 20 தமிழர்கள் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி நாட்டுக்கு அறிவித்தது. மாண்டவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் அவற்றின் அடிவாரங்களையும் சேர்ந்த ஏழைக் கூலிகள். ஆதலால் இங்கே கைத்தொழில் என்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. ஒரு மனிதன் தன் ஊரிலேயே தங்கி, தன் வீட்டிலேயே சோறுண்ண முடியுமா என்பதைப் பற்றிய பேச்சு.

சிங்காரப்பேட்டைக்கு அருகில், மலை தரையைத் தொடும் இடத்தில், புளியானூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. குழந்தைகளுக்காக ஊர் ஊராகச் சென்று கதையும் விளையாட்டும் நாடகமும் நடத்திவந்த சிவராஜும் அவருடைய நண்பர்களும், அந்தப் பிரயாணங்களுக்கு ஒரு நிலையான இருப்பிடம் வேண்டுமென்று இங்கே குக்கூ காட்டுப்பள்ளியை அமைத்தார்கள். பள்ளி என்ற பெயரைக் கேட்டு மணியடிப்பதையும் வருகைப் பதிவேட்டையும் எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். களிமண் பிசைவதும், விதை சேகரிப்பதும், பொம்மை செய்வதும், புத்தகம் படிப்பதும் அங்கே ஒரே பாடத்தின் பகுதிகள். ‘தும்பி’ என்னும் சிறுவர் மாத இதழும், ‘தன்னறம்’ என்னும் பதிப்பகமும் இந்த நட்புக் கூட்டத்திலிருந்தே தோன்றின. சென்னைப் பதிப்பாளர்களும் எட்டாத அழகோடு அச்சிட்ட புத்தகங்கள், பஸ் வந்துபோவதே விசேஷமான ஒரு மலையடிவாரத்து முகவரியிலிருந்து தபாலில் வந்து சேர்வதைக் கண்டு நான் ஆச்சரியப்பட்டதுண்டு.

அதே கூட்டத்தின் சிருஷ்டிகளில் ஒன்று ‘துவம்’ என்னும் தையற்கூடம். அக்கம்பக்கத்துக் கிராமப் பெண்கள் இங்கே தையல் கற்றுக்கொண்டு, கைத்தறிப் பருத்தித் துணியில் குழந்தைகளுக்கான உடைகளைத் தைக்கிறார்கள். காந்தியடிகளின் நிர்மாணத் திட்டத்தையும் ஜே. சி. குமரப்பாவின் கிராமப் பொருளாதாரத்தையும் படித்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இராது. ஆனால் படித்ததைச் செய்துபார்ப்பவர்கள் எக்காலத்திலும் குறைவு. கணினித் துறை உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஈரோட்டுப் பக்கத்து நெசவாளர்களோடு தறியில் அமர்ந்த சிவகுருநாதனின் ‘நூற்பு’ நிறுவனமும் இந்தச் சிநேகத்தோடு தொடர்புடையதே. ஆலைக்குப் போகும் பெண் அங்கே பத்து மணி நேரம் ஒரு காலரை மட்டுமே, அல்லது ஒரு பொத்தான் துளையை மட்டுமே, ஓயாமல் தைத்துக்கொண்டிருப்பாள். சட்டை முழுவதையும் அவள் காண்பதில்லை. கிராமத்துத் தையற்கூடத்திலோ அவள் துணியை வெட்டுவதிலிருந்து காஜா எடுப்பது வரையில் எல்லாம் தானே செய்து, சட்டையை முழுச் சட்டையாக மடித்து வைக்கிறாள். கூலியில் வித்தியாசம் எப்படியானாலும், இந்த வித்தியாசம் அற்பமானதன்று.

கட்டடக்கலை பயின்ற மதுமஞ்சரி செல்வராஜ் இதே இடத்திலிருந்து வேறொரு காரியத்தைத் தொடங்கினார். கைவிடப்பட்டுக் குப்பைத்தொட்டியாகிப்போன ஊர்க்கிணறுகளை ஊரார் உதவியோடு மீட்டெடுப்பதே அது. கிணறு மீட்பது கலையாகுமா என்று கேட்பவர்கள், ஒரு பழங்கிணற்றில் தூர் எடுப்பதை ஒரு நாளாவது நின்று பார்க்கவேண்டும். முதலில் பிளாஸ்டிக் பையும் மதுப்புட்டியும் கிழிந்த செருப்பும் கூடைகூடையாக மேலே வரும், பிறகு கருஞ்சேறு, அதன்கீழ் மணல். உள்ளே இறங்கியவர்கள் கடப்பாறையின் நுனியால் பாறையிடுக்கைத் தட்டித் தட்டி, அடைபட்ட ஊற்றுக்கண் எங்கே என்று தேடுவார்கள். அது திறந்தால் கால்விரலில் ஜில்லென்று நீர் படும். சரிந்த கைப்பிடிச் சுவரை மறுபடி கட்டி, ஆடுமாடும் குழந்தைகளும் விழாதபடி மேலே கம்பிவலை பொருத்தி, கப்பி மாட்டினால்தான் வேலை பூர்த்தி. இதில் கொத்தனாரின் கணக்கும், கல்லுடைப்பவரின் கைத்திறனும், எந்த மாதத்தில் எவ்வளவு நீர் நின்றது என்று நினைவு வைத்திருக்கும் கிழவர்களின் அநுபவமும் ஒன்றுசேர வேண்டும். நகரத்தைச் சிங்காரிப்பதற்கு லட்சக்கணக்கில் செலவிடும் நகராட்சிகள் ஒரு கிணற்றையேனும் இப்படித் திறந்துவைத்தால், அந்தச் சிங்காரம் கோடையிலும் நிலைக்கும்.

ஜவ்வாது மலையின் தெற்கெல்லையைவிட்டுத் தென்பெண்ணையைக் கடந்து, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் இறங்கினால் சிட்டிலிங்கி வரும். காந்திகிராமத்து மருத்துவமனையில் பணியாற்றிய ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் டாக்டர் தம்பதிகள் 1993-ஆம் ஆண்டில் இங்கே வந்து, அவ்வூர் மக்கள் கட்டிக்கொடுத்த ஓலைக் குடிசையிலேயே வைத்தியசாலையைத் தொடங்கினார்கள். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் நூற்றுக்குமேல் ஒரு வயதுக்குள் மடிந்த பள்ளத்தாக்கு அது. மரணங்கள் குறைந்து, வைத்தியசாலையும் வளர்ந்த பின்னர், நோய்க்குக் காரணம் கிருமி மட்டுமன்று, வறுமையும் என்று கண்ட அவர்கள், இயற்கை விவசாயச் சங்கத்துக்கும், அதன்பின் 2006-ஆம் ஆண்டில் ‘போர்கை’ என்னும் கைவினைச் சங்கத்துக்கும் வழிசெய்தார்கள். போர்கை என்றால் லம்பாடி மொழியில் பெருமை.

லம்பாடிகள் உப்பும் தானியமும் எருதுகளின்மேல் ஏற்றி நாடெங்கும் திரிந்த வணிகக் கூட்டத்தாரின் வழிவந்தவர்கள். அவர்களுடைய பெண்கள் பேட்டியா என்னும் பாவாடையிலும் காஞ்சளி என்னும் ரவிக்கையிலும் கண்ணாடிச் சில்லும் சோழியும் நாணயமும் வைத்துத் தைத்த வேலைப்பாடு உலகப் பிரசித்தம். ஆனால் சிட்டிலிங்கியில் தாண்டா எனப்படும் அவர்களுடைய குடியிருப்புகளில் இளம்பெண்கள் சேலைக்கு மாறி இரண்டு தலைமுறையாகிவிட்டது. பாட்டியின் பாவாடை பெட்டியின் அடியில் கிடக்க, அதைத் தைக்கத் தெரிந்த கைகள், தேடிப்பார்த்தபோது, இரண்டு மூதாட்டிகளிடம் மாத்திரமே எஞ்சியிருந்தன. அவ்விருவரையும் குருவாகக் கொண்டு இளம்பெண்கள் பாடம் கேட்கத் தொடங்கினார்கள். இந்தத் தையலுக்கு முன்னதாகத் துணியில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வதில்லை. ஊசியைக் குத்துமுன் துணியின் ஊடையையும் பாவையும் கண்ணால் எண்ணி, இத்தனை இழை விட்டு இத்தனை இழை எடுப்பது என்ற கணக்கிலேயே சதுரமும் முக்கோணமும் பிறக்கின்றன. ஓர் இழை தவறினால் பத்து வரிசை தள்ளிப் போய்த்தான் கோணல் தெரியும், அப்போது பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எழுதப்படிக்கத் தெரியாதவள் என்று நாம் சொல்லும் ஒரு கிழவி இந்தக் கணக்கை வாயில் வெற்றிலையோடு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்று சுமார் 60 பெண்கள் அந்தச் சங்கத்தில் வேலைசெய்கிறார்கள். பள்ளத்தாக்கு விவசாயிகள் ரசாயன உரமின்றி விளைவித்த பருத்தியும், இயற்கைச் சாயமும், தாண்டாப் பெண்களின் ஊசியும் சேர்ந்து குர்த்தாவாகவும் தலையணை உறையாகவும் பையாகவும் பெருநகரத்துக் கடைகளுக்குப் போகின்றன. அந்தக் கடைகளில் நம்மவர் பேரம் பேசுவதைக் கேட்க நேர்ந்தால் மனம் கூசும். செருப்புக் கம்பெனி குறித்த விலையை ஒரு வார்த்தை பேசாமல் கொடுக்கும் கனவான்கள், பதினைந்து நாள் ஒருத்தி கண்வலிக்கத் தைத்த துணியை மட்டும் பாதி விலைக்குக் கேட்கிறார்கள்.

இனிப் பட்டணத்துக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, சுவரொட்டிகளால் அலங்கோலமான சாலையோரச் சுவர்களில் தமிழ்நாட்டின் கலைகளையும் சரித்திரத்தையும் சித்திரமாகத் தீட்டச் செய்தது. பிளெக்ஸ் தட்டிகள் வந்ததால் பிழைப்பிழந்திருந்த பேனர் ஓவியர்களே அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள் என்பதால், ஓவியத்தின் தரத்தைப் பற்றி ரசிகர்கள் என்ன சொன்னாலும், நான் அத்திட்டத்தைப் புண்ணியம் என்றே சொல்வேன். 2020-இல் கண்ணகி நகரில் நடந்ததைப் பற்றி எனக்கு அவ்வளவு திடமான அபிப்பிராயம் கிடையாது. கூவம், அடையாற்றுக் கரைக் குடிசைகளிலிருந்து பெயர்த்தெடுத்து ஊருக்கு வெளியே குடியேற்றப்பட்ட ஏழைகளின் அடுக்குமாடிகளில், ஸ்டார்ட் இந்தியா என்னும் அமைப்பு, மாநகராட்சியின் ஒத்துழைப்போடு பிரம்மாண்டமான முகங்களைத் தீட்டிற்று. முகவரியைக் கேட்டவுடனே வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட வாலிபர்களின் குடியிருப்பைக் காண வெளியூரார் கேமராவோடு வந்தது மெச்சத்தக்க மாறுதலே. ஆனால் அந்தச் சுவர்களில் தூரிகை பிடித்த கைகளில் பெரும்பாலானவை, வேலை முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டன. வெயிலுக்கும் மழைக்கும் வர்ணம் உதிரும்போது, அதை மறுபடி தீட்டத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவிலேயே இருக்கவேண்டும். அந்தப் பயிற்சியையும் அதற்கான கூலியையும் திட்டத்திலேயே சேர்த்திருந்தால், என் தயக்கம் பெரும்பாலும் நீங்கியிருக்கும்.

உள்ளூர் வேலை உள்ளூர்க் கைகளுக்கே என்னும் இம்முறையை மலைக்கும் கொண்டுபோகலாம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் வழங்கும் இலவசச் சீருடைகளை, சமூகநலத் துறையின் கீழுள்ள மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள்தாம் தைத்துத் தருகின்றன. புதிதாக ஒரு திட்டமும் இயற்ற வேண்டியதில்லை. ஜமுனாமரத்தூரிலும் அதனைச் சூழ்ந்த மலைக் கிராமங்களிலும் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் சீருடைகள் முழுவதையும் அம்மலையிலும் அடிவாரத்திலும் உள்ள பெண்களைக் கொண்டே தைக்க வைக்கவேண்டும்; அப்பள்ளிகளின் சுவர்களுக்குச் சித்திரம் தீட்டும் கூலியும் அங்கே படித்து வெளிவந்த பிள்ளைகளுக்கே போகவேண்டும். திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் இவ்விரண்டையும் வருகிற கல்வியாண்டுக்குள் செய்து தருவாராக.