'மார்ட்டி': பெண் கிடைத்த பிறகு வந்த தடை

நியூயார்க் நகரின் பிராங்ஸ் வட்டாரத்தில் இறைச்சிக்கடையில் வேலை செய்யும் மார்ட்டிக்கு வயது 34. இத்தாலிய வம்சாவளிக் குடும்பம். உடன்பிறந்தவர்கள் அனைவருக்கும் திருமணம் முடிந்துவிட்டது. கடைக்கு வரும் பெண்மணிகள்கூட, இன்னும் கல்யாணம் ஆகாதது வெட்கமாக இல்லையா என்று கேட்கிறார்கள். 1955இல் வெளிவந்த 'மார்ட்டி' படம் இப்படித்தான் தொடங்குகிறது.

தாயின் வற்புறுத்தலால் நடன மண்டபத்திற்குச் செல்லும் மார்ட்டி, அங்கே கிளாராவைச் சந்திக்கிறார். அவர் 29 வயது ஆசிரியை. உடன் வந்த ஆடவன் அவரைக் கழற்றிவிட நினைத்து, வீட்டில் கொண்டுபோய் விட்டால் 5 வெள்ளி தருவதாக மார்ட்டியிடமே பேரம் பேசியிருந்தான். மார்ட்டி அதை மறுத்தவர். அழுதுகொண்டு நிற்கும் கிளாராவிடம் பிறகு அவரே சென்று பேசுகிறார். அன்றிரவு முழுவதும் பேச்சு ஓயவில்லை.

சிக்கல் இதற்குப் பிறகுதான். கல்யாணம் கல்யாணம் என்று நச்சரித்த அதே தாய் மறுநாள் குறை சொல்கிறார்: பெண் இத்தாலியப் பெண் இல்லையாம், வயது கூடத் தெரிகிறதாம். உண்மைக் காரணம் வேறு. மருமகளோடு ஒத்துப்போகாததால், மகன் வீட்டை விட்டு இவர் வீட்டுக்குக் குடிவரும் தம் சகோதரி கேத்தரினின் நிலையை அவர் பார்க்கிறார். கேத்தரினும் விதவை. மகனுக்கு மணமானால் நாளை உனக்கும் இதே கதிதான் என்று அவர் எச்சரித்தது தாயின் மனத்தில் தைத்துவிட்டது. மாமியார் கொடுமை, மருமகள் கொடுமை என்று ஒரு பக்கம் சாயாமல், கைம்பெண்ணின் பயத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படங்கள் குறைவு. நண்பர்களோ கிளாராவின் தோற்றத்தைக் கேலி செய்கிறார்கள். அழைப்பதாகச் சொன்ன மார்ட்டி அழைக்கவில்லை. கிளாரா பெற்றோருடன் தொலைக்காட்சி முன் அமர்ந்து கண்ணீர் விடுகிறார்.

பேடி சாயெஃப்ஸ்கி 1953இல் எழுதிய தொலைக்காட்சி நாடகமே இந்தப் படமானது. டெல்பர்ட் மான் இரண்டையும் இயக்கினார். செலவு சுமார் மூன்றரை லட்சம் வெள்ளிதான். அந்நாளைய ஹாலிவுட்டில் அது சொற்பத் தொகை. வில்லனாக அறியப்பட்ட எர்னஸ்ட் போர்க்னைனை நாயகனாக்கியது துணிச்சல்தான். சிறந்த படம், இயக்குநர், நடிகர், திரைக்கதை என 4 ஆஸ்கார் விருதுகளோடு, கான் திரைப்பட விழாவின் உயரிய விருதும் கிடைத்தது.

முடிவில் மார்ட்டி நண்பர்களை உதறிவிட்டுத் தொலைபேசியை எடுக்கிறார். தாய் இனி யாரோடு இருப்பார் என்பதைப் படம் சொல்லவில்லை.