அடிக்கடி சிக்கும் பிஸ்டல்: யார் மேல் குற்றம், யாரிடம் கேட்பது?

தற்காப்புக்காக உரிமம் பெற்று .32 பிஸ்டல் வைத்திருப்பவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே குறைதான் காதில் விழும்: "ரெண்டு ரவுண்டு போகுது, மூணாவது ஜாம் ஆயிடுது." துப்பாக்கி விற்றவர் தோட்டாவைக் குறை சொல்வார். தோட்டா விற்றவர் துப்பாக்கியைச் சொல்வார். கூட வந்த நண்பர், "உனக்குப் பிடிக்கத் தெரியல" என்பார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். எது உண்மை என்று கண்டுபிடிக்காமல் விட்டால் ஒரு பக்கம் உயிருக்கு ஆபத்து. மறுபக்கம் சட்டம் தந்திருக்கும் நிவாரணத்தையும் இழப்பீர்கள்.

முதலில் உயிர். விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லையா? உடனே ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை வெளியே தள்ளக் கூடாது. சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, குறைந்தது 30 விநாடி காத்திருக்க வேண்டும். அதன் பிறகே மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. வழக்கமான முழக்கம் இல்லாமல் "டப்" என்று மெல்லிய சத்தம் வரும், கையில் உதைப்பும் இருக்காது. மருந்து போதாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது என்று பொருள். அந்த நிலையில் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளந்துவிடும். சுடுபவரின் கையும் முகமும் சிதையலாம். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. தோட்டாவை நீக்கி, துப்பாக்கியை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பாளரிடம் கொடுங்கள். கம்பியை விட்டுக் குத்திப் பார்க்க வேண்டாம்.

இனித் தோட்டா. நம் நாட்டில் 9 மி.மீ. பாராபெல்லம் தடைசெய்யப்பட்ட வகை என்பதால், தனிநபர் பிஸ்டல்களில் .32 ஏசிபிதான் பரவலாக இருக்கிறது. ஆனால் ".32" என்ற பெயரில் இரண்டு வேறு தோட்டாக்கள் விற்பனையில் உள்ளன என்பது பலருக்குத் தெரியாது. பிஸ்டலுக்கு உரியது .32 ஏசிபி, அதன் கூடு 17 மி.மீ. நீளம். ரிவால்வருக்கு உரியது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங், அதன் கூடு 23 மி.மீ. குட்டைத் தோட்டா ரிவால்வர் அறைக்குள் போய் உட்காரக்கூடும். உள்ளே போகிறது என்பதற்காக அதைச் சுடக் கூடாது. வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதையும் கூட்டின் அடியில் பொறித்திருப்பதையும் உங்கள் துப்பாக்கியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்த .32 ஏசிபிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதன் அடிவிளிம்பு உடலைவிடச் சற்றே அகலமானது. மேகசினில் மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டது போல மாட்டிக்கொள்ளும். ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் மேல் தோட்டா நகராது. மூக்கு குட்டையான, குழிமுனைத் தோட்டாக்களில் இது அதிகம் நேர்கிறது. மேகசினுக்குள் முன்னும் பின்னும் நகர அவற்றுக்கு இடம் கிடைத்துவிடுவதே காரணம். தோட்டா நிரப்பும்போது ஒவ்வொன்றையும் அழுத்திப் பின்சுவரோடு சேர்த்து, மேல் விளிம்பு கீழ் விளிம்புக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி ஜாம் இந்த ஒரு பழக்கத்திலேயே தீர்ந்தாலும் வியப்பில்லை. தற்காப்புக்கு எந்த வகைத் தோட்டாவை நம்பி வைத்திருக்கிறீர்களோ, அதே வகையில் சில பெட்டிகளைப் பயிற்சியில் சுட்டுப் பார்க்காமல் அதை நம்பாதீர்கள். பச்சை பிடித்தவை, பள்ளம் விழுந்தவை, குண்டு உள்ளே அழுந்தியவை ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். வீட்டில் மருந்து அடைத்துத் தோட்டா செய்வது உரிமமின்றித் தோட்டா உற்பத்தி செய்வதாகும். அது தண்டனைக்குரிய குற்றம்.

பிடி பற்றிக் கொஞ்சம் சொன்னால் போதும். சிறிய பிஸ்டல்களில் வெடிப்பின் அழுத்தம் காலிக் கூட்டையும் ஸ்லைடையும் பின்னுக்குத் தள்ளுகிறது. அப்போது சட்டகம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் சட்டகமும் சேர்ந்து பின்னே போகும். ஸ்லைடு தன் முழுத் தூரத்தைக் கடக்காது. காலிக் கூடு வெளியேறாமல் வாயிலில் நட்டுக்குத்தலாக நிற்கும். கைப்பிடியின் உச்சிவரை உயர்த்திப் பிடித்து, மணிக்கட்டைப் பூட்டியது போல நிறுத்தினால் இது குறையும். கட்டைவிரல் ஸ்லைடில் உரசினாலும் ஜாம் ஆகும். மேகசினில் தோட்டா இருக்கும்போதே ஸ்லைடு பின்னால் பூட்டிக்கொள்கிறது என்றால், கட்டைவிரல் ஸ்லைடு நிறுத்தியைத் தட்டுகிறதா என்று பாருங்கள். கையைச் சோதிக்க எளிய வழி, அதே துப்பாக்கியை அதே தோட்டாவோடு ரைஃபிள் கிளப்பின் பயிற்றுநரிடம் தருவது. அவர் கையில் ஓடி உங்கள் கையில் சிக்கினால் விடை கிடைத்துவிட்டது.

எண்ணெய் விஷயத்தில்தான் நம் ஊரில் தவறு அதிகம். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். அது 25 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். நாள்பட்டால் பிசுபிசுத்து, மருந்துக் கரியோடு சேர்ந்து பசையாகிவிடும். டபிள்யூடி-40 போன்ற தெளிப்பான்கள் ஈரத்தையும் துருவையும் அகற்ற உதவும், ஆனால் நீடித்து நிற்கும் மசகு அல்ல. துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயில் ஒரு சில துளி போதும். ஸ்லைடு ஓடும் தடங்கள், குழலின் வெளிப்புறம், உரசி மினுங்கும் இடங்கள், இவற்றில் மட்டும் தடவினால் போதும். சுடும் ஊசி ஓடும் துளை, அறை, மேகசினின் உட்புறம் மூன்றும் உலர்ந்திருக்க வேண்டும். ஊசித் துளையில் எண்ணெய் தேங்கினால் அழுக்கு சேர்ந்து அடி பலவீனமாகும். தோட்டாவின் கேப்பில் எண்ணெய் இறங்கினால் தோட்டாவே செத்துவிடும்.

தேர்தல் காலத்தில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறார்கள். வாரக்கணக்கில் அங்கே கிடந்த துப்பாக்கி, அதிலும் கடலோர ஊர்களில், வறண்டோ துருப்பிடித்தோ திரும்பி வரலாம். ஒப்படைக்கும் முன் சுத்தம் செய்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். ரசீதில் துப்பாக்கியின் எண்ணையும் நிலையையும் எழுதி வாங்குங்கள். திரும்பப் பெற்றதும் கழற்றித் துடைக்காமல் தோட்டா போடாதீர்கள்.

காரணத்தைத் தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மேகசின்களுக்கு எண் போடுங்கள். ஒன்றில் மட்டும் சிக்கினால் குற்றம் அந்த மேகசினில். சோதனையை ரைஃபிள் கிளப்பின் சுடுதளத்தில், கண்ணுக்கும் காதுக்கும் கவசத்தோடு செய்யுங்கள். துப்பாக்கி முழக்கம் 140 டெசிபலைத் தாண்டும். போன செவித்திறன் திரும்பாது. தோப்பிலோ மொட்டை மாடியிலோ சுட்டுப் பார்ப்பது வேறு வழக்கைக் கொண்டுவரும். பிறர் உயிருக்கு ஆபத்தாகக் கவனமின்றியோ கொண்டாட்டத்திலோ சுட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆயுதச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஜாம் எடுக்கும்போது கவனக்குறைவால் குண்டு பாய்ந்து ஒருவர் இறந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை சொல்கிறது.

ஒவ்வொரு முறை சிக்கும்போதும் தேதி, தோட்டாவின் பெட்டியில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண், மேகசின் எண், எப்படிச் சிக்கியது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். தோட்டா, பிடி, எண்ணெய் மூன்றையும் சரிசெய்த பிறகும் சிக்கினால், அந்த நோட்டுதான் உங்கள் சாட்சி. இடையில் ஸ்பிரிங் வெட்டுவது, அறைவாயைத் தேய்ப்பது, தெரிந்த லேத் பட்டறையில் கொடுப்பது எல்லாம் கூடாது. ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். மேலும், பாதிப்பு நேர்ந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்டோ தவறாகப் பயன்படுத்தப்பட்டோ இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவைக் காட்டி விற்பனையாளர் தப்பிவிடுவார்.

துப்பாக்கிக்கு நுகர்வோர் சட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கிகளை விலக்கி வைத்திருக்கிறது. பழுதான துப்பாக்கியைத் திரும்பப் பெறச் சொல்ல அங்குள்ள ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. நம்முடைய 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் "பொருள்" என்பதிலிருந்து விலக்குவது மனித உடல் திசு, இரத்தம், உறுப்பு போன்றவற்றை மட்டுமே. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு 20ஆம் பிரிவில் இருக்கிறது. நம் .32 துப்பாக்கிகளில் பல அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் உருவானவை. அரசு நிறுவனம் செய்ததாயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை. விலை கொடுத்து வாங்கிய நீங்கள் நுகர்வோர்தான்.

முதலில் விற்ற கடைக்கும் தயாரிப்பாளருக்கும் விரைவுத் தபாலில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமும் இல்லை. குறையைக் கண்டறியச் சோதனை தேவையென்றால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை கேட்கும். பழுது நீக்கம், மாற்றுப் பொருள், பணம் திரும்பப் பெறுதல், காயம் பட்டிருந்தால் இழப்பீடு, இவை அனைத்தையும் கேட்கலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் புகார் தர வேண்டும். வழி தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.