பட்டியலும் பரணும்

ஆன் பிராங்கை ஒரு பரண், ஒரு டைரி, கொஞ்சம் கண்ணீர் என்று வாசித்தே பழகிவிட்டோம். இந்த வாசிப்பில் அரசு காணாமல் போய்விடுகிறது. நவீன அதிகாரம் முதலில் எண்ணுகிறது, பெயர் எழுதுகிறது, பிறகுதான் கொல்கிறது.

1929இல் பிராங்பர்ட்டில் பிறந்தவள். ஹிட்லர் வந்தபின் குடும்பம் ஆம்ஸ்டர்டாமில் தஞ்சம் புகுந்தது. 1940 மே மாதம் ஜெர்மன் படை அங்கேயும் வந்துவிட்டது. 1941 ஜனவரியில், யூதர்கள் பெயர் பதியவேண்டும் என்று ஆணை. பெரும்பாலோர் பதிந்தார்கள்; சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஜனங்கள்தானே! எழுதிக்கொண்டவர்கள் உள்ளூர் டச்சு குமாஸ்தாக்கள். அதே நவம்பரில், வெளிநாட்டிலிருந்த யூதர்களின் ஜெர்மன் குடியுரிமையும் போயிற்று. 1942 ஜூலை 5 அன்று அக்கா மார்கோவுக்கு முகாமுக்கு வரச்சொல்லி ஓலை வந்தது. பட்டியலில் பெயர் இருந்ததால் வந்த ஓலை. மறுநாளே குடும்பம் மறைந்தது. 13 வயதில் ஒளிந்தவள் 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபட்டாள். 1945 தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் செத்துப்போனாள்.

ஐரோப்பாக்காரன் கதை நமக்கு என்னத்துக்கு என்பவர்கள் 1983 ஜூலைக் கொழும்பைப் பார்க்கலாம். அங்கே அந்நிய ஆக்கிரமிப்பு இல்லை, சொந்த அரசுதான். ஆனால் கருவி மாறவில்லை. கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. ஓட்டுப் போடக் கொடுத்த பெயர், வீடு கொளுத்த வழிகாட்டியது. ஆம்ஸ்டர்டாமில் மீப் கீஸ் செய்ததைப்போல, சிங்கள அண்டை வீட்டார் பலர் தமிழர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். பட்டியலை மீறிய மனிதர்கள் இரண்டு ஊரிலும் இருந்தார்கள்.

கடல் தாண்டி வந்தபின் நிலைமை தலைகீழ். நான் இதை எழுதுகிற அய்யலூரும், ஈழ அகதிகள் வாழும் தோட்டனூத்தும் ஒரே திண்டுக்கல் மாவட்டம். முகாம்களில் 'செக்கிங்' என்று ஆள் எண்ணும் நாள் ஒன்று உண்டாயிருந்தது. அன்றைக்கு ஆள் இல்லையென்றால் பெயரை வெட்டிவிடுவார்கள், உதவித்தொகை நின்றுபோகும். அங்கே பெயர் இருந்தால் சாவு, இங்கே பெயர் இல்லாவிட்டால் பட்டினி.

2021இல் முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. 2022இல் தோட்டனூத்தில் 321 புது வீடுகள் திறக்கப்பட்டன. நல்ல காரியம்தான். ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கு, பிறந்த மண் மட்டுமே குடியுரிமை தந்துவிடாது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை என்ற சொல்லே கிடையாது.

ஆன் பிராங்குக்காக உருகுகிற நாம் இந்தப் பிள்ளையை என்ன செய்யப்போகிறோம்? கொழும்பில் அவன் தாத்தாவைக் காட்டிக்கொடுத்தது எதுவோ, அதிலேயே இங்கே அவனுக்கு ஒரு வரி வேண்டும்: வாக்காளர் பட்டியலில்.