புற ஊதாக் கதிர்வழி அழகுத் தாவர வளர்ச்சிக் கட்டுப்பாடு
பசுமைக்குடிலில் வளரும் அழகுத் தாவரங்கள் அளவுக்கு மீறி நெடுத்துப் போகாமல் இருக்க, அவற்றின் மீது சிறிதளவு புற ஊதாக் கதிரைச் செலுத்தும் முறை இதுவாகும். பெட்டூனியா, சாமந்தி போன்ற தொட்டிச் செடிகள் குட்டையாகவும் அடர்த்தியாகவும் இருந்தால்தான் விலைபோகும்.

செடி நெடுப்பதற்குக் குடிலும் ஒரு காரணம். புற ஊதாக் கதிர்கள் ஏ (315–400 நானோமீட்டர்), பி (280–315), சி (100–280) என மூவகைப்படும். சி வகை முழுவதையும், பி வகையில் பெரும்பகுதியையும் ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. நிலத்தை எட்டும் எஞ்சிய பி வகையையும் சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ முழுவதுமாக உறிஞ்சிவிடும். ஆகவே திறந்தவெளிச் செடிக்குக் கிடைக்கும் இயற்கையான தடை, குடிலுக்குள் இருப்பதற்கு இல்லை. வழக்கமாக டாமினோசைடு, பாக்லோபியூட்ரசால் போன்ற வளர்ச்சி ஒடுக்கிகளைத் தெளித்து உயரத்தைக் குறைக்கின்றனர். இவற்றுள் டாமினோசைடு, புற்றுநோய் அச்சத்தால் 1989-இல் அமெரிக்காவில் உணவுப் பயிர்களிலிருந்து விலக்கப்பட்டது. வேதிப்பொருளுக்கு மாற்றாக ஒளியை நாடுவதற்கு இத்தகைய அச்சங்களும் காரணமாயின.

பி வகைக் கதிரை உணர்வது யூவிஆர்8 என்னும் புரதம் என்று 2011-இல் நிறுவப்பட்டது. மற்ற ஒளியுணரிகளைப் போல இதற்குத் தனி நிறமி கிடையாது. தன்னிலுள்ள டிரிப்டோபான் அமினோ அமிலங்களாலேயே கதிரை ஏற்கிறது. இரட்டையாக இணைந்திருக்கும் இப்புரதம் கதிர் பட்டதும் பிரிந்து, காப்1 என்ற வேறொரு புரதத்துடன் சேர்கிறது. அதைத் தொடர்ந்து, தண்டை நீட்டும் ஆக்சின், ஜிப்ரலின் ஆகிய இயக்குநீர்களின் செயல் தணிகிறது. இலையில் பிளேவனாய்டுகளும் கூடுகின்றன. இவை செடி தானே போட்டுக்கொள்ளும் வெயில் மறைப்பு எனலாம்.

அளவுதான் சிக்கல். கதிர் மிகுந்தால் இலை சுருண்டு வெண்கல நிறமாகும், டி.என்.ஏ.வும் சேதமுறும். இச்சேதத்தைச் சரிசெய்யும் போட்டோலயேசு நொதிக்கு நீல ஒளியோ ஏ வகைக் கதிரோ தேவை. இருளில் அது இயங்காது. ரோஜாவின் சாம்பல் நோயை ஒடுக்க இரவில் பி வகை விளக்கு எரிப்பது இதனால்தான்: பூசணத்தால் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள முடிவதில்லை. ஆனால் அதே இருட்டில் செடிக்கும் அந்த வசதி குறைவு என்பதை மறக்கலாகாது.

எல்லாப் பூவுக்கும் இம்முறை பொருந்தாது. கொய்மலர் ரோஜாவுக்கு நீண்ட தண்டே வேண்டும். மேலும் சிவப்பு ரோஜாவின் இதழ் விளிம்பு புற ஊதாக் கதிரால் கறுக்கும் என்பதால், கதிரைத் தடுக்கும் நெகிழித் தாளையே அங்கு கூரையாகப் போடுகின்றனர்.

விளக்கு எரியும்போது குடிலுக்குள் ஆட்கள் இருக்கக்கூடாது; இருந்தே ஆகவேண்டுமெனில் முகமறைப்பும் கையுறையும் கட்டாயம். கதிர் பட்ட கண்ணில் எரிச்சல் உடனே தோன்றாது, சில மணி நேரம் கழித்தே தெரியும்.